விதை வேறு, பூ வேறு

ஹெம்ப் ஹார்ட்ஸ், ஹெம்ப் புரோட்டீன் பவுடர், ஹெம்ப் ஆயில், சி.பி.டி. கம்மி மிட்டாய் என்று ஆன்லைன் கடைகளில் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாம் கஞ்சா இனத்துச் செடியிலிருந்து வந்தவைதான். ஆனால் விதைக்குக் கிடைத்த நல்ல பெயரைக் காட்டிப் பூவின் சரக்கையும், பூவுக்கு இருக்கும் மவுசைக் காட்டி விதை எண்ணெயையும் தள்ளிவிடுகிறார்கள். இந்தச் செடியைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி, இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

நம்பிக்கை: விதையைத் தின்றாலும் போதை ஏறும்.

ஏறாது. போதை தரும் டி.எச்.சி., முக்கியமாகப் பெண் செடியின் பூங்கொத்தில் உள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகளில் ஊறுகிறது. விதைக்குள் அது இல்லை என்றே சொல்லலாம். அறுவடையின்போது பூவின் பிசின் விதைத் தோலில் ஒட்டுவதால் கொஞ்சம் சேரும். சுத்தம் செய்து தோலை நீக்கினால் அதுவும் குறையும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். கஞ்சா தின்பண்டங்களைச் சட்டப்படி விற்கும் கனடாவில் ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராம் டி.எச்.சி. வரை இருக்கலாம். அந்த அளவை எட்ட, நம் வரம்பைத் தொட்டு நிற்கும் விதையை ஒருவர் 2 கிலோ தின்றாக வேண்டும். அதற்குள் வயிறு முறையிட்டுவிடும்.

உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் இந்த விதையில் சட்னி அரைப்பது பழைய வழக்கம். இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் விதையைப் போட்டு, படபடவென்று வெடிக்கும்வரை வறுப்பார்கள். வறுத்த சீரகம், மிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்து அம்மியில் அரைத்து, மலை எலுமிச்சையைப் பிழிவார்கள். தோலோடு அரைபடுவதால் பல்லில் லேசாக நறநறக்கும். விதையை அரைத்துப் பிழிந்த பாலைச் சேப்பங்கிழங்குக் குழம்பில் ஊற்றுவதும் உண்டு. வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற பண்டம் இது. ஹோலிக்கு இலையை அரைத்து உருட்டும் பாங் வேறு சமாச்சாரம். அதில் போதை உண்டு.

நம்பிக்கை: இந்தச் செடியின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் கைதுதான்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது, செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது. விதை முளைக்கும் திறன் இல்லாததாக இருக்க வேண்டும். லேபிளில் இலைப் படமோ போதையைப் பற்றிய ஜாடையோ கூடாது. அட்டையில் பச்சை இலையைப் பெரிதாக அச்சிட்டு ஒரு பொட்டலம் வந்தால், விற்பவர் விதியைப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். விதைக்குக் கிடைத்த இந்த அனுமதியை நம்பிக் கொல்லையில் செடி வளர்க்கக் கிளம்பிவிட வேண்டாம். அரசு அனுமதி இல்லாத சாகுபடி இன்றும் குற்றமே.

நம்பிக்கை: ஹெம்ப் ஆயில் என்றாலே சி.பி.டி. ஆயில்.

அதிகம் பேர் பணத்தை விடும் இடம் இது. இந்தச் செடியின் இன்னொரு வேதிப்பொருளான சி.பி.டி.யும் பூ, இலையின் பிசினிலிருந்து எடுக்கப்படுவதுதான். விதையைப் பிழிந்து வரும் எண்ணெயில் அது பேருக்குக்கூடத் தேறாது. ‘ஹெம்ப் 1000 மி.கி.’ என்று பாட்டிலின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பி, பொருள் பட்டியலைப் பாருங்கள். அங்கே ‘ஹெம்ப் சீட் ஆயில்’ என்று மட்டும் இருந்தால், அந்த ஆயிரம் மில்லிகிராம் என்பது வெறும் 1 கிராம் விதை எண்ணெய். தூக்கம் வரும், மூட்டு வலி போகும் என்ற ஆசையில் வாங்குபவருக்குக் கிடைப்பது சமையல் எண்ணெய்.

நம்பிக்கை: சி.பி.டி. போதை தராது, இயற்கையானது; காபியில், சாக்லேட்டில், தண்ணீரில் எதில் கலந்தாலும் கெடுதல் இல்லை.

போதை தராது என்பது சரி. மற்றது சரியில்லை. சி.பி.டி. ஒரு மருந்தும்கூட. அரிய வகை வலிப்பு நோய்களுக்காக ‘எபிடியோலெக்ஸ்’ என்ற பெயரில் 2018-இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. மருந்தாகக் கொடுத்தபோதுதான் அதன் மறுபக்கமும் பதிவானது: சிலருக்கு ஈரல் நொதிகள் ஏறின, மற்ற வலிப்பு மருந்துகளோடும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடும் மோதியது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2020-இல் நாளுக்கு 70 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. 2023 அக்டோபரில் அதையே 10 மில்லிகிராமாகக் குறைத்தது.

உணவில் கலக்கும்போது இன்னொரு சிக்கல். சி.பி.டி. கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. எபிடியோலெக்ஸை வெறும் வயிற்றில் எடுப்பதைவிட, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுக்கும்போது ரத்தத்தில் சேரும் மொத்த அளவு ஏறத்தாழ 4 மடங்காகிறது. அப்படியானால் லேபிளில் ஒரே எண் இருந்தாலும், பாட்டில் தண்ணீரில் குடிப்பதும் வெண்ணெய் கேக்கில் தின்பதும் உடம்புக்கு ஒன்றல்ல.

இந்தியாவில் ஆணையம் உணவாக ஏற்றது விதையையும் அதன் எண்ணெய், மாவையும்தான். உணவில் சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 5 கிராம் கம்மி மிட்டாய் ஒன்றில் 10 மில்லிகிராம் என்று விளம்பரம் வந்தால், கணக்குப்படி அது கிலோவுக்கு 2,000 மில்லிகிராம். இலைச் சாறு எண்ணெய்கள் இங்கே ஆயுர்வேத மருந்து உரிமத்தில் விற்கப்படுகின்றன. அவற்றின் மீது ‘மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். அவற்றை மளிகைச் சாமான்போலக் கூடையில் போடுவது சரியல்ல.

நம்பிக்கை: ஹெம்ப் விதை ஒரு சூப்பர் உணவு, மீனே வேண்டாம்.

நல்ல விதைதான். தோல் நீக்கிய 100 கிராமில் 30 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. வேர்க்கடலையில் 25, விலையைப் பார்த்தால் எனக்கு வேர்க்கடலையே போதும். ஒமேகா-3 இருப்பதும் உண்மை. ஆனால் அது தாவர வகை. மீனில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. வகைகளாக உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றிக்கொள்ளும். எண்ணெயை வாங்கியவர்கள் வடை சுட வேண்டாம். அதிகச் சூடு தாங்காமல் சீக்கிரமே புகைந்துவிடும். சாலட்டில் மேலாக ஊற்றிக்கொண்டு, பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.