மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை

கேள்வி: போடிமெட்டைத் தாண்டி பூப்பாறைப் பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. மீட்டர் ரோட்டோரம், அங்கிருந்து சரிவில் 180 மீட்டர் வயர் இறங்கி ஓடைக்கரைக் கிணற்றுக்குப் போகிறது. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், தகட்டில் 12 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 2.5 ஸ்கொயர் காப்பர் வயர்தான் இழுத்தோம். "12 ஆம்பியருக்கு இது தாராளம்" என்றார் கடைக்காரர். ஆனால் சுவிட்ச் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது. கண்டன்சரை இரண்டு முறை மாற்றி, ஒரு முறை காயிலும் கட்டியாயிற்று. கோளாறு மோட்டாரிலா, வயரிலா? காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் புதிதாக ஒரு ஊதுவிசிறி மாட்டவும் எண்ணம்.
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. 2.5 ஸ்கொயர் 12 ஆம்பியரைச் சூடேறாமல் தாங்கும். ஆனால் அந்த அட்டவணை வயரின் சூட்டை மட்டுமே பார்க்கிறது, தூரத்தைப் பார்ப்பதில்லை. போடி டவுனில் ஒரு வீட்டுக்குள் 15 மீட்டர் ஓடும் வயருக்கு அது போதும். உங்கள் சரிவுக்குப் போதாது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 2.5 ஸ்கொயர் காப்பரின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் நீளம் 360 மீட்டர். ஆகத் தடை 2.67 ஓம். 12 ஆம்பியர் ஓடும்போது 32 வோல்ட் வயரிலேயே தொலைகிறது. 230 புறப்பட்ட இடத்தில் 198 போய்ச் சேருகிறது. இந்திய வயரிங் விதிமுறையான ஐ.எஸ். 732, 2019 பதிப்பின்படி விளக்குகளுக்கு 3 விழுக்காடு, மற்றவற்றுக்கு 5 விழுக்காடு வரைதான் இந்த இழப்பு இருக்கலாம். அதாவது 11.5 வோல்ட். நீங்கள் அதுபோல மூன்று மடங்கு இழக்கிறீர்கள். தோட்டம் மாநில எல்லைக்கு அந்தப்புறம் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. இணைப்பில் இருந்தாலும் இந்த விதி நாடு முழுக்க ஒன்றேதான்.

கிளம்பும் நொடி இன்னும் மோசம். அப்போது இந்த வகை மோட்டார் ஓடும் ஆம்பியரைப்போல ஐந்து மடங்கு வரை கேட்கும். வயரின் தடை அதை விடாது. மோட்டாரின் முனைக்கு 150 வோல்ட் அளவில்தான் மிஞ்சும். சுழற்றும் விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், முழு விசையில் ஐந்தில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. தண்ணீரைத் தூக்க அது போதாமல் மோட்டார் உறுமி நிற்கிறது, காயில் வேகிறது.

காயில் கட்டிய செலவைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. கிணற்றடியில் எலி கடித்தோ, மழைக்காற்றில் கிளை விழுந்தோ இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 230ஐ 2.67ஆல் வகுத்தால் 86 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. 16 ஆம்பியர் 'சி' வகை என்றால், அது கட்டாயம் உடனே விழ 160 ஆம்பியர் வேண்டும். 86இல் அது சூடேறி விழுவதற்குச் சில நொடிகளாவது ஆகும். அதுவரை வயர் காய்ந்துகொண்டே இருக்கும். மெலிந்த நீள வயர், காக்க வேண்டிய பிரேக்கரையே செயலற்றதாக்குகிறது. சிலர் பழைய ஃபியூஸ் கட்டையில் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியை முறுக்கி வைத்துவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக்கரின் எண், மோட்டாரின் ஆம்பியருக்குக் குறையாமலும் வயர் தாங்கும் அளவுக்கு மேற்போகாமலும் இருக்க வேண்டும்.

என்ன வயர் போடலாம்? 6 ஸ்கொயர் காப்பரில் இழப்பு 13.3 வோல்ட், மயிரிழையில் விதியைத் தாண்டுகிறது. 10 ஸ்கொயரில் 8 வோல்ட்டுக்குள் அடங்கும். காசு பார்த்தால் 16 ஸ்கொயர் அலுமினியக் கேபிளும் கிட்டத்தட்ட அதே பலனைத் தரும். அலுமினியத்தை நேரே திருகாணியில் முறுக்கிவிடக்கூடாது. உரிய லக் வைத்து அழுத்த வேண்டும், இல்லையேல் இணைப்புதான் முதலில் கருகும். பழைய கணக்கில் 7/20 என்று கேட்டு வாங்கினால் அது 4.6 ஸ்கொயர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நீளத்தை வரைபடத்தில் அளக்காமல் சரிவோடு சரிவாக அளக்கவும். நிழல் மரங்களில் கட்டித் தொங்கவிடுவதைவிட, இரும்புக் கவசக் கேபிளைப் புதைப்பதே சரி.

செலவு செய்யுமுன் ஒரு சோதனை. உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து, மோட்டார் ஓடும்போதே மீட்டர் முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வயரின் கணக்கு. மீட்டரிலேயே 200 தான் வருகிறதென்றால் அது வாரியத்திடம் புகார் செய்ய வேண்டியது; தடித்த வயர் மட்டும் உதவாது.

எர்த்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட மாட்டேன். பாறை நிலத்தில் எர்த் குழியின் தடை 50 ஓம் இருந்தால், மோட்டார் உடம்பில் கசியும் மின்சாரம் 5 ஆம்பியரைக்கூடத் தொடாது. எந்த ஃபியூஸும் போகாது, தொட்ட ஆளுக்குத்தான் ஆபத்து. 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், ஆர்.சி.சி.பி., கட்டாயம் வேண்டும். எர்த் கம்பியும் கேபிளோடே போகட்டும்.

ஸ்டோருக்குள் வெப்பம் 50 டிகிரியை எட்டும். பி.வி.சி. வயரின் எல்லை 70 டிகிரி. 40 டிகிரிச் சூழலுக்கு எழுதிய ஆம்பியரில் அங்கே ஐந்தில் நான்கு பங்கைத்தான் நம்பலாம். கூடுமானவரை வயரைச் சுவருக்கு வெளியே ஓட்டி, விசிறி இருக்கும் இடத்தில் மட்டும், வெப்பம் தாங்கும் வயராக உள்ளே நுழையுங்கள்.