ஏட்டில் உண்டு, நாவில் இல்லை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

'தாய்' என்றவுடன் நம் நினைவில் நிற்பவள் அன்னை. ஆனால் அப்பெயரில் ஒரு மொழிக்குடும்பமும் உண்டு. தாய்லாந்து, லாவோஸ் நாடுகளின் ஆட்சிமொழிகளும் பர்மாவின் ஷான் மொழியும் அதைச் சேர்ந்தவை. அதன் சில கிளைகள் நம் நாட்டின் அசாம் மாநிலத்திலும் உள்ளன என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவற்றுள் மூன்றினை ஈண்டுக் காண்போம்.

மறைந்த மொழி

கி.பி. 1228இல் சுகாபா என்னும் தலைவன் பட்காய் மலையைக் கடந்து பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கை அடைந்தான். அவன் நிறுவிய அகோம் அரசு ஏறத்தாழ 600 ஆண்டுகள் நிலைத்தது. 1671இல் சராய்காட்டில் மொகலாயப் படையையே முறியடித்தது. 'புரஞ்சி' எனப்படும் வரலாற்று ஏடுகளை மரப்பட்டையில் எழுதி வைத்தது. ஆயினும் அகோம் மக்கள் சிறுகச் சிறுக அசாமிய மொழிக்கு மாறினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அவர்களது மொழி பேச்சு வழக்கொழிந்து, பூசாரிகளின் சடங்குகளிலும் ஏடுகளிலும் ஒடுங்கியது.

ஏடுகள் இருக்கையில் மொழியை மீட்க இயலாதா? அங்கேதான் சிக்கல். தாய் மொழிகளில் தொனி மாறினால் பொருளும் மாறும். தாய்லாந்து மொழியில் 'மா' என்பது ஒரு தொனியில் 'வா', மற்றொரு தொனியில் 'நாய்', வேறொன்றில் 'குதிரை'. அகோம் எழுத்திலோ தொனிக்குக் குறியே கிடையாது! எனவே ஏடு கையில் இருந்தும், அன்று ஒலித்தவாறு அதைப் படிப்பாரில்லை.

மங்கும் மொழி

கம்யாங் மக்கள் பலரும் அசாமிய மொழிக்கு மாறிவிட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளின்படி, தின்சுகியா மாவட்டத்துப் பவாய்முக் என்னும் ஒரே ஊரில் ஏறத்தாழ 50 பேரே கம்யாங் பேசினர். அவர்களிலும் முதியோரே மிகுதி.

வாழும் மொழி

பாக்கே மக்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவின் ஹுக்காங் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள், பௌத்தர்கள். இன்று சுமார் 2,000 பேர்தாம். புரிதிஹிங் ஆற்றங்கரையிலுள்ள நாம்பாக்கே இவர்களது முக்கிய ஊர். இவர்களது மொழியில் தொனிகள் ஆறு. மரபுவழி எழுத்தில் இவர்களும் தொனியைக் குறிப்பதில்லை. எனினும் அது குறையாகத் தெரிவதில்லை. வீட்டில் குழந்தை காதால் கேட்டே கற்றுவிடுகிறதல்லவா! அகோம் ஏடுகளுக்குப் பொருள் காண முயல்வோர்க்கும் இத்தகைய உயிருள்ள உடன்பிறப்பு மொழிகளே துணை நிற்கின்றன.

நாம் உணர வேண்டுவது

அரியணையும் ஏடும் காக்க இயலாததைச் சில சிற்றூர்களின் இல்லங்கள் காத்து வருகின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கையெழுத்திடத் தெரியாத என் அன்னையே எனக்குப் பேச்சைத் தந்தவர். அத்தகைய அன்னையரின் தொண்டை எந்த ஏடும் குறித்து வைப்பதில்லை. பட்டம் பெற்று வெளியேறும் நாம், நம் வீட்டுப் பேச்சைத் தாழ்வாக எண்ணி வாசலில் விட்டுச் செல்லலாகாது. எழுதி வைத்த மொழி நிற்கும். பேசும் மொழியே வாழும்.