மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குக் கார் பாருங்கள்

மூன்று லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். அந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் பத்து வருடத்தை ஒட்டிய ஆல்ட்டோ, வேகன் ஆர், ஐ10, இயான் போன்றவை. பத்து வருடம் ஓடிய பிறகு ஒரு வேகன் ஆருக்கும் இன்னொரு வேகன் ஆருக்கும் உள்ள வித்தியாசம், வேகன் ஆருக்கும் ஐ10-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. ஒன்றில் ஆயில், கூலன்ட் எல்லாம் நேரத்துக்கு மாறியிருக்கும். மற்றொன்று சத்தம் வந்தால் மட்டுமே ஒர்க்‌ஷாப் பக்கம் போயிருக்கும். அதனால், காரைப் பார்ப்பதற்கு முன் அதை வைத்திருந்தவரைப் பாருங்கள் என்பேன். அதோடு, கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்று லட்சம் இருக்கிறதென்றால் இரண்டரை லட்சத்துக்குள் பேசி முடித்து, மீதி ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வையுங்கள்.

"அந்த ஐம்பதாயிரத்தையும் சேர்த்துப் போட்டால் இரண்டு வருடம் புதிய வண்டி கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் ரப்பரும் பேட்டரியும் கிளட்ச் பிளேட்டும் எட்டு வருட வண்டியிலும் தேய்ந்துதான் இருக்கும். அவற்றை மாற்றக் கையில் காசு இருக்காது. டயர் ஒன்றே போதும், இதைப் புரிந்துகொள்ள. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அந்த வயது டயரை நம்பி நெடுஞ்சாலையில் போகக்கூடாது. நான்கு டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், முன்பக்க சஸ்பென்ஷனில் இரண்டு மூன்று பாகங்கள் என்று மாற்றிவிட்டால், அதன்பிறகு அந்தக் காரின் நிலை உங்களுக்குத் தெரிந்த நிலை. குறைந்த பணத்தில் நம்பகம் என்பது பாதி தேடிப் பிடிப்பது, பாதி நாமே செலவழித்து உண்டாக்குவது.

தேடிப் பிடிக்கும் பாதியில் மீட்டரை நம்பி முடிவெடுக்கவே கூடாது. கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது எளிது. தேய்மானத்தை மறைப்பது கடினம். நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கி, ஸ்டியரிங் பளபளத்தால் மீட்டர் பொய் சொல்கிறது. பானட்டைத் திறந்து, கீல்களையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பாகம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்தப் பக்கத்து வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம். நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. முன்னாலேயே சூடாக்கி வைத்துவிட்டால் இதில் பாதி தெரியாது.

"நம் ஊரில் யார் பில் வைத்திருக்கிறார்கள்? தெருமுனை மெக்கானிக்கிடம்தானே விடுகிறோம்" என்ற கேள்வி நியாயமானது. பில் இல்லை என்பதற்காக நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்த மெக்கானிக் இருக்கிறாரே, அவரிடம் பேசலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால், உரிமையாளர் கேட்டால் பழைய பதிவுகளைச் சொல்வார்கள். இரண்டுக்கும் மழுப்புகிறவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். வாரன்டி தருகிறோம் என்னும் கடைகளிலும், அந்த வாரன்டியில் எதெல்லாம் சேராது என்ற பட்டியலைப் படித்துவிட்டு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் வீண் செலவல்ல. அதே இரண்டரை லட்சத்துக்கு ஒரு பெரிய டீசல் காரோ, 2017-உடன் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்ட ஷெவர்லேயோ கிடைக்கிறதே என்று ஆசை வரும். டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் நீங்கள் ஒதுக்கிய ஐம்பதாயிரம் ஒரே நாளில் கரைந்துவிடும். சின்ன ஊரில் இருப்பவர்கள் ஷெவர்லே போன்றதை விட்டுவிட்டு, எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும் வண்டியையே வாங்குவது நல்லது.

காகிதங்களில் அலட்சியம் இன்ஜின் கோளாறைவிட அதிகமாகச் செலவு வைக்கும். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், கடன் விவரம் தெரியும். அபராதம் நிலுவையில் உள்ளதா என்பதை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். பதினான்காவது வருடத்தில் இருக்கும் வண்டி மலிவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு: 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. புதுச்சேரி, டெல்லிப் பதிவு வண்டிகளின் விலையோடு தமிழ்நாட்டின் ஆயுள் வரியையும் கூட்டிப் பாருங்கள். லாபம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். கடன் அடைத்த பிறகும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் தானாக நீங்குவதில்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸில் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி உங்களுக்குக் கிடைக்க, 14 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் வண்டியை எடுங்கள்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீது கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.