அங்கக உணவுப் பொதியைப் படிப்பது எப்படி?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்கள் உணவியல் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனி எல்லாப் பொருள்களையும் ஆர்கானிக்காகவே வாங்க வேண்டுமா?" இதற்கு விடை காணுமுன் பொதியின் மேலுள்ள சொற்களைப் படிக்கக் கற்போம்.

முத்திரையும் சான்றும்

அங்கக உணவுகளுக்கான ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017ஆம் ஆண்டு வகுத்தது. அதன்படி இரு சான்று முறைகள் ஏற்கப்பட்டுள்ளன.

முதலாவது, தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு நிலத்தை ஆய்வு செய்து சான்று வழங்குகிறது. கோவையில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை அத்தகைய அமைப்புகளுள் ஒன்று.

இரண்டாவது, பி.ஜி.எஸ்.-இந்தியா. இதில் உழவர் குழுவினர் ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி செய்கின்றனர். 'பி.ஜி.எஸ்.-கிரீன்' என்றிருந்தால் அந்நிலம் இன்னும் அங்கக முறைக்கு மாறும் காலத்தில் உள்ளது. மாற்றம் நிறைவுற்ற பின்னரே 'பி.ஜி.எஸ்.-ஆர்கானிக்' என்று குறிக்கப்படும்.

இவற்றுடன் பச்சை வட்டம், இலை, சரிக்குறி கொண்ட 'ஜைவிக் பாரத்' முத்திரையும், ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை அறிமுகமானதால், புதிய பொதிகளில் அதனையும் காணலாம்.

'இயற்கையானது', 'நாட்டு', 'பாரம்பரியம்' ஆகிய சொற்கள் சான்று ஆகமாட்டா. அதே வேளையில், நேரடியாக விற்கும் சிறு உழவருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் உழவரிடம் வாங்கும்போது முத்திரை இல்லாமையை மட்டும் கொண்டு ஐயுற வேண்டியதில்லை; விளைவித்த முறையைக் கேட்டறியலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

அங்கக முத்திரை, பொருள் விளைந்த முறையையே கூறுகிறது. அப்பொருள் உங்கள் நோய்க்கு ஏற்றதா என்பதைப் பொதியின் பின்புறமுள்ள ஊட்டச்சத்து அட்டவணையும் சேர்மானப் பட்டியலுமே காட்டும்.

நீரிழிவு: அங்கக வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய வரிகளைப் படியுங்கள்.

உயர் இரத்த அழுத்தம்: நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், இது ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியம். அங்கக ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலும் சோடியம் மிகுதி.

சிறுநீரக நோய்: பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால், அங்கக இளநீரும் வாழைப்பழமும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவையே.

புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதால் கிருமிகளே முதன்மையான அச்சம். அங்கக வயலிலும் எருவும் மண்ணும் உண்டு. காய்கனிகளை ஓடும் நீரில் நன்கு கழுவி, காய்களைச் சமைத்தே உண்ணுங்கள்.

செலவு பற்றி

அங்ககப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சம் பொதுவாகக் குறைவு. வசதியுள்ளோர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதன் பொருட்டு மாத்திரைகளை நிறுத்துவதோ, காய்கனிகளின் அளவைக் குறைப்பதோ கூடாது. சந்தையில் கிடைக்கும் கீரையையும் காயையும் நன்கு கழுவிச் சமைத்துப் போதிய அளவு உண்பதே முதற்கடமை. ஐயம் எழுந்தால், அடுத்த முறை வரும்போது பொதியையே கொண்டு வாருங்கள்; சேர்ந்து படித்துப் பார்ப்போம்.