பாலும் பால்நிலையும்: சுகாதார அளவீட்டில் இரு நிரல்கள்

இலங்கையின் ஆயுள் அட்டவணைகளை நோக்குவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. 1946 ஆம் ஆண்டில், பிறக்கும்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஆணுக்கு 43.9 ஆண்டு, பெண்ணுக்கோ 41.6 ஆண்டே. 1967 இல் நிலை தலைகீழாயிற்று: ஆணுக்கு 64.8, பெண்ணுக்கு 66.9. இடைப்பட்ட இருபத்தோராண்டிற் பெண்ணின் உடலமைப்பு மாறிவிடவில்லை. மலேரியா ஒடுங்கிற்று, பிள்ளைப்பேறு மருத்துவச்சியரிடமும் மருத்துவமனைகளிடமும் சென்றது. இருபாலார்க்கும் தனித்தனிக் கணக்கு வைத்தமையாலன்றோ இச்செய்தி நமக்குக் கிட்டியது! ஆயினும் பால் என்னும் அந்த ஒரு நிரல், வேற்றுமை உண்டென்று காட்டியதேயன்றி, ஏன் என்று கூறவில்லை.

உடலால் அமைவது பால். சமூகம் வகுத்த தொழில், உணவு, உரிமை என்பவற்றால் அமைவது பால்நிலை. உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் இரத்தச்சோகையை ஆராய்வதாகக் கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைப்படி, ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு வளர்ந்த ஆணிடம் 13 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கருவுறாத பெண்ணிடம் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கருவுற்றவளுக்கு எல்லை இன்னும் தாழ்ந்தது. ஆகவே பாலுக்கு ஒரு நிரலும் கருப்பத்துக்கு வேறொரு நிரலும் வேண்டும். (மலைநாட்டவர் குருதியில் ஈமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். உயரத்துக்கேற்பக் கழிக்காவிடின், சோகையுற்றவரும் நலமுற்றவராய்த் தோன்றுவர்.)

இனிப் பால்நிலை. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்து வெட்டுவோரும் மருந்தடிப்போரும் பெரும்பாலும் ஆண்கள். அதற்காகப் ‘பெண்’ என்று எழுதினாற் கொழுந்துக்கூடையும் உடன் எழுதப்பட்டதாகிவிடாது. பிள்ளைக் காம்பராவிற் பணிபுரிபவளும் பெண்ணே. செய்யும் வேலை, வேலைநேரம், வீட்டில் யார் கடைசியில் உண்பது, சம்பளம் யார் கையிற் சேர்வது என்பனவற்றைத் தனித்தனியே வினவிப் பதிதல் வேண்டும். பிறப்பிற் பதியப்பட்ட பாலும், ஒருவர் தம்மை உணரும் பால்நிலையும் வேறாதலும் உண்டு. 2016 முதல் இலங்கையிற் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழும் வழங்கப்படுகின்றது. அவ்விடத்தும் வினாக்கள் இரண்டே. தோற்றத்தைக் கண்டு எழுதுவோன் தானே நிரப்பலாகாது.

வெற்றிடங்களையே நான் பெரிதும் அஞ்சுவேன். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீடு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம் என்று காட்டிற்று. மிகப் பயனுள்ள ஏடு. ஆனால் அதிற் பெண்களுக்கான வினாக்கொத்து, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட, ஒருமுறையேனும் மணமுடித்த பெண்களுக்கே உரியது. மணமாகாமற் கொழுந்தெடுக்கும் குமரியும், ஐம்பது கடந்த கிழவியும் அதன் புறத்தே நிற்கின்றனர். ‘வினவப்படவில்லை’, ‘விடையளிக்கவில்லை’, ‘பொருந்தாது’ என்னும் மூன்றுக்கும் வெவ்வேறு குறியீடு வேண்டும். மூன்றையும் சுழியமாக எழுதிவிட்டாற் பின்னர் எக்கணிதமும் அவற்றைப் பிரித்துத் தராது.

இன்னுமொரு நிரல், பலரும் மறப்பது: விடை கூறியவர் யார்? பகலில் லயத்துக்குச் செல்லும் கணக்கெடுப்பாளருக்கு, மலைக்குச் சென்ற மருமகளின் தலைச்சுற்றலைப் பற்றி மாமியாரே விடை கூறுவார். “அவளுக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறாள்” என்பார். அவ்விடை மாமியாருடையதென்று ஏட்டில் இருத்தல் வேண்டும். மாலையிற் கூடை இறக்கியபின் மறுபடியும் சென்று மருமகளையே கேட்டல் அதனினும் நன்று.