பழைய கம்ப்யூட்டரின் இரைச்சல்: புது விசிறி வாங்கும் முன்



நமது டிரஸ்ட் மூலம் மாணவ மாணவியருக்கு வழங்கப்பட்ட மேஜைக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துக் கொடுத்தவை. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தவை. அல்ஹம்துலில்லாஹ், வேலை இன்னும் நன்றாகவே செய்கின்றன. குறை ஒன்றுதான், இரைச்சல். "பிள்ளை இஷாவுக்குப் பிறகுதான் படிக்க உட்காருது. அது ஓடினா பக்கத்தில் படுத்திருக்கிற உம்மம்மாவுக்குத் தூக்கமில்லை. அதனால் அணைச்சு வைச்சிட்டோம்" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். ஒரே கூடத்தில் குடும்பமே உறங்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. பிள்ளையின் படிப்பும் வேண்டும், பெரியவர்களின் தூக்கமும் வேண்டும். கடையில் கேட்டால் "போர்டையே மாத்திடுங்க" என்பார்கள். அதற்கு முன் இதைப் படித்து விடுங்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கேபினெட்டுக்குள் சத்தமிடுபவை பல: பிராசஸர் மேலுள்ள விசிறி, பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ். விசிறி, சில கேபினெட்டுகளில் தனியாக ஒரு விசிறி, அத்துடன் ஹார்ட் டிஸ்க். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் அருகிலும் காட்டிப் பாருங்கள். எது கத்துகிறது என்று உடனே தெரிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்.தான் என்றால் அதை வீட்டில் திறக்கவே கூடாது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே மின்னழுத்தம் தங்கி நிற்கும்.

பிராசஸர் விசிறிதான் என்று உறுதியானாலும் அது கெட்டுப்போனது என்று பொருளல்ல. சூடு ஏற ஏற விசிறியை வேகமாகச் சுற்றும்படி மதர்போர்டு கட்டளையிடுகிறது. ஆகவே இரைச்சலுக்கு மூல காரணம் பல நேரம் சூடுதான். விசிறியின் கீழே உள்ள ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளி போல அடைத்திருக்கும். பிராசஸருக்கும் ஹீட் சிங்கிற்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இன்டெல் வகையில் ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று நழுவியிருக்கும். இந்த மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஹீட் சிங்கை மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசியை எடுங்கள். ஆணிகளை அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுத்தால் ஹீட் சிங்க் கழன்று வரும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பிராசஸரின் நடுவில் ஓர் அரிசி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஆணிகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஏ.எம்.டி. பிராசஸர் என்றால் மட்டும் ஓர் எச்சரிக்கை: பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் ஹீட் சிங்கை இலேசாக முறுக்கி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் பெயர்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும்.

அடுத்து பயாஸில் விசிறியின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போர்டுகளில் அது அணைந்தே கிடக்கும். அதை இயக்கினால் ஒரு ரூபாய் செலவில்லாமல் சத்தம் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் விசிறி கரகரவென்றால் அதன் பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது நாளடைவில் பிசினாகிவிடும். எப்படியானாலும் புதிது வாங்கத் தயாராகிக் கொள்ள வேண்டியதுதான்.

வாங்கும்போது முதலில் தெரிய வேண்டியது பிராசஸரின் சாக்கெட். கோர் 2 டுவோ காலத்து 775 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 72 மில்லிமீட்டர். அதன்பின் வந்த 1156, 1155, 1150, 1151, 1200 ஆகிய ஐந்துக்கும் 75 மில்லிமீட்டர்தான். ஆகவே இந்த ஐந்தில் ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கும் பொருந்தும். அவற்றுக்குப் பிறகு வந்த 1700 சாக்கெட்டுக்கு 78 மில்லிமீட்டர். அதற்கு மட்டும் செய்யப்பட்டதை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். டெல், எச்.பி., லெனோவா அலுவலக மாடல்கள் சிலவற்றில் விசிறியின் பிளக்கே வேறு. அவற்றுக்குப் பழைய விசிறியின் மேலுள்ள எண்ணைக் காட்டி அதே எண்ணுள்ளதைக் கேட்பதே நல்லது.

அடுத்தது வாட். பிராசஸர் வெளியிடும் சூட்டைக் குறிக்கும் எண் இது. கோர் 2 டுவோ ஈ7500, ஐ3-2120 போன்றவை 65 வாட். ஐ5-2400 என்றால் 95 வாட். இன்டெல் கொடுத்த ஹீட் சிங்கிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று முழுவதும் அலுமினியம், மற்றது நடுவில் செம்பு வைத்தது. 65 வாட் பிராசஸருக்குச் செம்பு வைத்ததைப் போட்டால் விசிறி அலட்டிக்கொள்ளாமல் ஓடும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இது பழையதாகவே கிடைக்கும். 95 வாட்டுக்கு 92 அல்லது 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட தனி கூலர் நல்லது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும், அதனால்தான் சத்தம் குறைகிறது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட கோபுர வடிவக் கூலர்கள் 155, 160 மில்லிமீட்டர் உயரம் வரும். மெலிந்த கேபினெட்டில் மூடி மூடாது. அளந்து கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் பழைய போர்டுக்குக் கீழ்நோக்கி ஊதும் வகையே மேல். பிராசஸரைச் சுற்றியுள்ள பாகங்களுக்கும் காற்று கிடைக்கும்.

நான்கு பின் உள்ள விசிறியையே வாங்குங்கள். நான்காவது கம்பி வழியாகத்தான் வேகக் கட்டளை போகிறது. மூன்று பின் விசிறியைப் பல போர்டுகள் எப்போதும் முழு வேகத்தில் ஓட்டும், பணம் கொடுத்து இரைச்சல் வாங்கியதாகிவிடும். பேரிங்கில் ஸ்லீவ் வகை விலை குறைவு, புதிதில் அமைதியாகவும் இருக்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வறண்டுவிடும். ஃப்ளூயிட் பேரிங் கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாலும் பரவாயில்லை.

பெட்டியில் டெசிபல் என்று ஓர் எண் இருக்கும். 20க்கும் 30க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைக்க வேண்டாம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும்.

இன்னொன்று. அறையின் சூட்டுக்குக் கீழே எந்த விசிறியாலும் பிராசஸரைக் குளிர்விக்க முடியாது. மர அலமாரிக்குள் கேபினெட்டை வைத்து, மேலே துணி போர்த்தியிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையை விட்டு உயர்த்தி வையுங்கள்.

டிரஸ்ட் அலுவலகத்தில் தெர்மல் பேஸ்ட், பிரஷ், ஆல்கஹால் வாங்கி வைத்திருக்கிறோம். ஜகாத் நிதியிலிருந்து அல்ல, பொது சதக்கா நிதியிலிருந்து வாங்கியவை. ஆகவே யாரும் தயங்காமல் பயன்படுத்தலாம். இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கேபினெட்டைக் கொண்டு வந்தால் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் திறந்து பார்த்துச் சொல்வார்கள். மானிட்டரைக் கொண்டுவர வேண்டியதில்லை. பவர் கேபிள் மட்டும் மறக்காமல் எடுத்து வரவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்