வீட்டு நேரமும் குழந்தை நலமும்

ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிடும்போது அதன் வருமானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, உணவுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பன போன்ற வினாக்களையே கேட்பது வழக்கம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றோடு மற்றொரு வினாவையும் கேட்க வேண்டும். குழந்தையைக் கவனிக்க அந்த வீட்டில் யாருக்கு, எந்த வேளையில், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அவ்வினா. பணம் குறைந்தால் கடன் வாங்கலாம். தானியம் குறைந்தால் அண்டை வீட்டாரிடம் கைமாற்றாகப் பெறலாம். ஆனால் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எந்தக் குடும்பமும் கூட்டிக்கொள்ள இயலாது. குழந்தைகளுக்காக அரசு செலவிடும் பணம் முழுப் பயனைத் தராமல் போவதற்கு இந்த நேரப் பற்றாக்குறையும் ஒரு முக்கியக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒரு நாளின் கணக்கு

எடுத்துக்காட்டாக, சத்தீஸ்கர் மாநிலத்தின் நெல் விளையும் சமவெளியில் வாழும் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தைக் கருதலாம். கணவன், மனைவி, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், 10 மாதக் குழந்தை என ஐவர். காலம், நாற்று நடவு நடைபெறும் ஜூலை மாதம். தாய் காலை நாலரை மணிக்கு எழுகிறாள். தண்ணீர் எடுத்தல், அடுப்பு மூட்டல், வாசல் பெருக்கல், சோறு ஆக்கல், பிள்ளைகளைக் கவனித்தல் ஆகியவற்றில் ஏழரை மணி வரை 3 மணி நேரம் செல்கிறது. வயலுக்கு நடந்து சென்று, நட்டு முடித்து, வீடு திரும்ப மாலை ஐந்தரை மணி ஆகிறது. இது 10 மணி நேரம். மீண்டும் தண்ணீர், விறகு, சமையல், பாத்திரம், துணி என்று இரவு ஒன்பது மணி வரை மூன்றரை மணி நேர வேலை. எஞ்சுவது ஏழரை மணி நேரம். அதுவே அவளது தூக்கம். கைக்குழந்தை பாலுக்கு அழும்போதெல்லாம் அதுவும் கலைகிறது.

இந்தக் கணக்கில் ஓய்வு என்ற இனமே இல்லை என்பது வெளிப்படை. அதைவிடக் கவலைக்குரியது, 10 மாதக் குழந்தை பகலில் தொடர்ந்து 10 மணி நேரம் தாயின்றி இருப்பதாகும். அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்பவள் 9 வயது அக்காள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவள் இருக்க வேண்டிய இடம் பள்ளி. பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கலாம். நடவுக் காலத்தில் அவள் வீட்டில் இருக்கிறாள். ஆகவே, ஒரு குழந்தையைப் பராமரிக்கும் செலவை மற்றொரு குழந்தையின் கல்வி ஏற்கிறது.

வீட்டில் மூத்தோர் இருந்தால் இந்த இடர் தீரும் என்று கருதுவோர் உண்டு. கூலிக் குடும்பங்களில் பாட்டி பெரும்பாலும் இன்னும் உழைக்கும் வயதினளே. நடவுக் காலத்தில் அவளுக்கும் வயலில் வேலை உண்டு. அவளது கூலியும் குடும்பத்துக்கு வேண்டியிருக்கிறது.

தாய் கூலியை விட்டு வீட்டில் தங்கலாமே என்றால், அதற்கும் காலம் இடம் கொடுப்பதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில்தான் வீட்டுத் தானிய இருப்பு மிகக் குறைவு. வேலைக்குத் தேவை மிகுவதும் அப்போதுதான். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் குழந்தைகளைத் தாக்குவதும் அப்போதுதான். குழந்தைக்குத் தாய் மிகவும் தேவைப்படும் மாதங்களும், குடும்பத்துக்கு அவளது கூலி மிகவும் தேவைப்படும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

குழந்தையின் தேவை

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பது மருத்துவ நெறி. 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், 9 முதல் 23 மாதம் வரை 3 அல்லது 4 வேளையும் இணை உணவு தரப்பட வேண்டும். தாய்ப்பால் போக, இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டிய சக்தி 9 முதல் 11 மாதம் வரை சுமார் 300 கிலோ கலோரி. இரண்டாம் ஆண்டில் அது சுமார் 550 கிலோ கலோரியாக உயர்கிறது.

இதனை ஒரே வேளையில் கொடுத்துவிட முடியாது. குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 கிராம் உணவையே கொள்ளும். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளையில் ஒரு சிறு கிண்ணம்தான் செல்லும். உணவைக் குழைத்து, எண்ணெய் சேர்த்து, சிறிது சிறிதாக, குழந்தையின் முகம் பார்த்து ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் எனக் கொண்டாலும் 4 வேளைக்கு 2 மணி நேரம் ஆகிறது. மேற்கூறிய தாயின் நாளில் அந்த 2 மணி நேரம் இல்லை. குழந்தை விழித்திருக்கும் வேளைகளில் பெரும்பகுதி அவள் வயலில் இருக்கும் 10 மணி நேரத்திலேயே அடங்கிவிடுகிறது.

2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 11.3 சதவிகிதத்தினரே குறைந்தபட்சப் போதிய உணவைப் பெற்றனர். 2015-16இல் இது 9.6 சதவிகிதமாக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் இதே காலத்தில் 38.4 சதவிகிதத்திலிருந்து 35.5 சதவிகிதமாகக் குறைந்தனர். வறுமையும் விலைவாசியும் இதற்குக் காரணங்களே. ஆயினும், உணவு இருக்கும் வீட்டிலும் ஊட்டும் கை இல்லையெனில் கிண்ணம் நிரம்பியும் குழந்தை மெலியும்.

அளவீடுகள் கூறுவது

வீட்டு நேரத்தை அளக்கும் முயற்சி இந்தியாவில் புதியதன்று. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை அரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, தமிழ்நாடு, மேகாலயா ஆகிய 6 மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் முன்னோடி ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்துக்குச் சுமார் 34.6 மணி நேரமும், ஆண்கள் சுமார் 3.6 மணி நேரமும் செலவிட்டனர் என அது காட்டியது.

நாடு தழுவிய ஆய்வு 2019இலும், மீண்டும் 2024இலும் நடைபெற்றது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் 2024இல் 289 நிமிடங்களும் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்களுக்கு இது முறையே 97, 88 நிமிடங்கள். குழந்தைகள், நோயாளிகள், முதியோர் ஆகியோரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் 2024இல் 137 நிமிடங்களும், ஆண்கள் 75 நிமிடங்களும் செலவிட்டனர். இவை அவ்வேலைகளில் ஈடுபட்டோரின் சராசரிகள் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஈடுபடாத ஆண்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி மேலும் விரியும். அடுப்பில் கையும் தொட்டிலில் கண்ணுமாக இருக்கும் தாயின் வேலையை அளப்பதும் எளிதன்று.

நாட்டு வருமானக் கணக்கில் இந்த உழைப்புக்கு இடமில்லை. குடும்பம் தன் சொந்த நுகர்வுக்காகச் செய்துகொள்ளும் சமையலும் பராமரிப்பும் உற்பத்தியின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் தம் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணை மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்ற முரண்பாட்டைப் பிகு என்னும் பொருளியல் அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளார். 1965இல் கேரி பெக்கர் வெளியிட்ட ஆய்வுரை, நேரத்தையும் பணத்தைப் போலவே குடும்பம் பங்கிடும் அருமையான வளமாகக் கருத வேண்டும் என்று நிறுவியது. கணக்கில் சேராத பண்டத்துக்குத் திட்டத்தில் ஒதுக்கீடு கிடைப்பது அரிது.

திட்டங்களில் விடுபட்ட வயது

1974இல் தேசியக் குழந்தைகள் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை, பள்ளி முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி ஆகிய 6 பணிகளை அது ஒருங்கே கொண்டது. இன்று அங்கன்வாடி மையங்கள் ஏறத்தாழ 14 லட்சம் உள்ளன. இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இதன் அமைப்பை வயது வாரியாகப் பகுத்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தை மையத்துக்கு வருகிறது. சமைத்த சூடான உணவைச் சில மணி நேரம் அங்கிருந்து உண்கிறது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கோ, நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி என்ற அளவில் சத்துணவுப் பொருள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. அந்தப் பொட்டலத்தைக் கரைத்து ஊட்டும் பொறுப்பு தாயினுடையது. அவள் வயலில் இருக்கிறாள். பசியுடன் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் அதில் பங்கு கொள்கின்றனர். ஊட்டச்சத்துக் குறைவு வேரூன்றும் வயது இதுவே. இந்த வயதில் திட்டம் உணவைத் தருகிறது, நேரத்தைத் தருவதில்லை.

காப்பகத்தின் இடம்

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது குழந்தைகள் காப்பகம். சட்டம் இதை நெடுங்காலமாக அறியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டுமென விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த எண்ணிக்கையை 30ஆகக் குறைத்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்துக்கு வகை செய்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்ததோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. இவை யாவும் பெரிய பணியிடத்தையும் அடையாளம் காணத்தக்க முதலாளியையும் அடிப்படையாகக் கொண்டவை. இன்று ஒருவர் வயலிலும் நாளை வேறொருவர் வயலிலும் நடவு செய்பவளுக்கு இவற்றால் பயனில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட 5 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வகை செய்தது. ஆனால் அது அரசு வேலை நடக்கும் நாட்களுக்கு மட்டுமே பொருந்தியது.

வழிகாட்டும் முயற்சிகளும் உண்டு. 1969இல், காந்தி நூற்றாண்டுக் கட்டுமானப் பணிகள் நடந்த தில்லியில், கட்டடத் தொழிலாளரின் குழந்தைகள் புழுதியில் கிடந்ததைக் கண்டு மீரா மகாதேவன் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதிகளில் 'புல்வாரி', அதாவது பூந்தோட்டம், என்ற பெயரில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான ஊர்க் காப்பகங்கள் அமைக்கப்பட்டன. அங்கே தாய்மாரே முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கின்றனர். இதன் பொருளாதாரம் எளிது. 10 தாய்மாரில் ஒருத்தி முறைக்கு நின்றால், அவளுக்கு 10 நாளில் ஒரு நாள் கூலி போகும். மற்ற 9 நாளும் அவள் குழந்தைக்கு வேளை தவறாமல் உணவு கிடைக்கும். மூத்த பெண்ணும் பள்ளிக்குச் செல்வாள். 2023இல் கர்நாடக அரசு 'கூசின மனே' என்ற பெயரில் 4,000 ஊராட்சிகளில் காப்பகங்கள் அமைக்கத் திட்டமிட்டது. மத்திய அரசு 2022 முதல் 'பால்னா' திட்டத்தின்கீழ் அங்கன்வாடியோடு இணைந்த 17,000 காப்பகங்களை இலக்காகக் கொண்டது. 14 லட்சம் மையங்களோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒன்றைச் சற்றே கடந்த அளவு. தொடக்கம் என்ற முறையில் வரவேற்கத்தக்கதே.

நேரத்தை மீட்கும் பிற வழிகள்

குழந்தைகள் நலத்துறையின் பெயரில் வராத செலவுகளும் குழந்தைக்குப் பயன்படக்கூடும். 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கியபோது 3.23 கோடி ஊரக வீடுகளிலேயே குழாய் இணைப்பு இருந்தது. 2024 இறுதிக்குள் அது 15 கோடியைத் தாண்டியது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பைக் கொண்டு சேர்த்தது. குழாயில் நாள்தோறும் நீர் வந்தால், உருளையை மீண்டும் நிரப்பப் பணம் இருந்தால், தாய்க்கு ஒரு மணி நேரம் மிஞ்சலாம். இணைப்பின் எண்ணிக்கையோடு நில்லாமல் மிஞ்சிய நேரத்தையும் அளந்தால்தான் உண்மைப் பயன் தெரியும்.

குடும்பத்துக்குள்ளும் நேரத்தைப் பங்கிட முடியும். ஊட்டச்சத்துக் கல்விக் கூட்டங்களுக்குத் தாய்மாரை மட்டும் அழைக்கும் வழக்கம், நேரமற்ற ஒருத்தியின் தலையில் மேலும் ஒரு கடமையை ஏற்றுகிறது. தந்தைமாரையும் மாலை வேளையில் அழைத்துப் பேசுவது செலவற்ற சீர்திருத்தம்.

முடிவுரை

மாவட்ட, வட்டார நிலை அலுவலர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எடை குறைந்த குழந்தையின் வீட்டுக்குச் செல்லும்போது என்ன உணவு கொடுக்கப்படுகிறது என்பதோடு, பகலில் யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டறிதல் வேண்டும். நடவு, அறுவடை மாதங்களில் அங்கன்வாடி நேரத்தை வயல் வேலை நேரத்துக்கு ஏற்ப நீட்டிப்பதற்கும், அதற்கான கூடுதல் பணியாளுக்கு உரிய ஊதியம் கிடைப்பதற்கும் முன்மொழிவு அனுப்பலாம். பணியாளரின் ஊதியமற்ற நேரத்தைக் கொண்டு தாயின் நேரப் பற்றாக்குறையைத் தீர்ப்பது முறையாகாது. அந்த மாதங்களில் பள்ளிக்கு வராத மூத்த பெண் குழந்தைகளின் பட்டியலை ஆசிரியரிடமிருந்து பெற்றால், எந்தத் தெருவில் காப்பகம் தேவை என்பது தெரிந்துவிடும். நடவு முடிந்தபின் 10 மாதக் குழந்தையின் எடை கூடியிருக்கிறதா, அதன் அக்காள் மீண்டும் வகுப்பில் இருக்கிறாளா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே திட்டத்தின் வெற்றியை அளக்கும் நேரிய முறையாகும்.